புளி போட்டு வெளக்குன அண்டா

இருங்கண்ணே, எங்க ஓடுறீக? சாக்கைத் தட்டிட்டுக் கெளம்புறதுக்கு இது என்ன வாழைக்கா மண்டியா? தரம் பிரிக்காம தராசுல ஏத்துனா மொதலாளி என்னையத்தான் வைவாக. உக்காருங்க. அந்தா, அந்தப் பஸ் சீட்டுல உக்காருங்க. சீட்டு நல்லாத்தான் இருக்கு, பஸ்ஸுதான் செத்துப்போச்சு. டீ சொல்லிருக்கேன், வருது.

அது கெடக்கட்டும், இந்தப் பித்தாள அண்டா எங்கன எடுத்தீக? இதான், இந்தா இது. கடமலைக்குண்டு லைன்லயா? ஊருக்குள்ளயா, தாண்டியா? தாண்டி. ம். எந்தத் தெருன்னு ஞாவகம் இருக்கா? இல்ல, சும்மாதான் கேக்குறேன். மத்தியானம் பித்தாள லாரி வந்துரும். வந்துச்சுன்னா இது போயிரும். அதுக்கு முந்தி கேட்டுக்கிருவோமேன்னு.

நீங்க யோசிங்க. நான் பாட்டுக்குப் பிரிச்சுக்கிட்டே இருக்கேன்.

இது காந்தம். கயித்துல கட்டி எப்பவும் இடுப்புல போட்டிருப்பேன். எங்க வீட்டுக்காரரு உசுரோட இருக்கையில சொல்லுவாரு, தாலிய மறந்தாலும் மறப்ப, அந்தக் காந்தத்தை மறக்கமாட்டன்னு. அவரும் போயிட்டாரு, தாலியும் போயிருச்சு, இது மட்டும் கெடக்கு. பாருங்க, ஒட்டுனா இரும்பு. ஒட்டலைன்னா பித்தாள, செம்பு, அலுமினியம், ஈயம். எவர்சில்வருல மட்டமானதுதான் ஒட்டும், நல்லது ஒட்டாது. மனுசங்க மாதிரி இல்ல பாத்துக்கங்க, இங்கன ஒட்டாததுதான் ஒசத்தி.

சிரிக்கிறீக. சிரிங்க. ஜீப்பு ஓட்டுனப்ப இம்புட்டுச் சிரிச்சிருக்க மாட்டீக. கம்பத்துல விடியங்காட்டி பொம்பளைகள ஏத்திக்கிட்டு ஏலக்காத் தோட்டத்துக்குப் போறது சிரிக்கிற பொழப்பா? உங்க ஜீப்பு இங்கனதான வந்துச்சு, நாங்கதான வெட்டுனோம். உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். நீங்க மொதநாள் பழைய இரும்பு ஏத்துன ஆட்டோவோட வாரப்பவே கேட்டுக்குள்ள நொழைஞ்சதும் ஒரு பார்வை பாத்தீக பாருங்க, எங்கனயாச்சும் நிக்குதான்னு. நான் கண்டுக்கிட்டேன்.

நிக்கலைண்ணே. ஆனா போயிரவும் இல்ல. எஞ்சின் கட்டை வார்ப்பிரும்பு, அது தனியா கோயமுத்தூர்ப் பக்கம் போயிருச்சு, அங்கன உருக்கி மோட்டாரு பம்புக்கு ஓடு ஊத்துவாக. பாடித் தகரத்தை மிசின்ல வச்சு அமுக்குனா ஒரு மூட்டை சிமிட்டி கணக்கா ஆயிரும், அது உலைக்குப் போயி கம்பியாத் திரும்பும். ரேடியேட்டர்ல செம்பும் பித்தாளையும், அது வேற வழி. உங்க ஜீப்பு இந்நேரம் எவன் வீட்டுத் தூணுக்குள்ளயாவது வெறச்சுக்கிட்டு நிக்கும். வெயிலு மழை கெடையாது, மேட்டுல ஏத்துன்னு அதட்டுறதுக்கு ஆளு கெடையாது. நல்ல பொறப்புதான்.

மேக்க பாருங்க, அந்த மலை. ஒருவாட்டி காலேசு டீச்சரம்மா ஒருத்தக புள்ளைகளைக் கூட்டியாந்தாக. அவுக சொன்னாக, இங்கன ஒரு லாரி பழைய இரும்பு ஏறுதுன்னா எங்கனயோ அம்புட்டு மலையத் தோண்டாம விட்டாகன்னு அர்த்தம்னு. அலுமினியமெல்லாம் மண்ணுலருந்து புதுசா எடுக்குறதுக்கு ஊருப்பட்ட கரண்டு வேணுமாம், பழசை உருக்குறதுக்கு அதுல துளிதானாம். எனக்கு அன்னிக்கு ரொம்பப் பெருமையாப் போச்சு. வீட்டுக்குப் போயி எம்மகளுக்குப் போனு போட்டு, ஏத்தா உங்கம்மா இன்னிக்கு மலையக் காப்பாத்திட்டு வாரேன்னேன். அவ சிரிச்சா. அப்பல்லாம் சிரிப்பா.

இந்தாங்க டீ. குடிங்க. ஆறிரும்.

இந்தச் செம்புக் கம்பிய எரிச்சுக் கொண்டாந்திருக்கீக, இனிமே அப்படிச் செய்யாதீக. தோலை உரிச்சுத்தான் எடுக்கணும். எரிச்சா அந்தப் பொகை மொதல்ல உங்களத்தான் தின்னும். அப்புறம் செம்பும் கருத்து வெல கொறையும். பேட்டரியையும் ஒடைக்காதீக, அந்தத் தண்ணி மண்ணுல எறங்குச்சுன்னா அப்புறம் அங்கன புல்லு மொளைக்காது. அப்புறம் முக்கியமா இது. மூடுன சாமான் எதுவும் உலைக்குள்ள போகப்படாது. குழாயோ உருளையோ, ரெண்டு பக்கமும் அடைச்சிருந்து உள்ள துளி தண்ணி இருந்தாப் போதும், வெடிச்சிரும். உருக்குற எடத்துல ஆளு செத்திருக்காக. அதனாலதான் எல்லாத்தையும் தொறந்து, அடிச்சு, நசுக்கித்தான் அனுப்புவோம். கொடமாகட்டும் அண்டாவாகட்டும், முழுசா லாரியில ஏறாது. அந்தச் சுத்தியல் இருக்குல்ல, அந்த வேலை என்னோடது.

ஞாவகம் வந்துச்சா? வேப்பமரம் நின்ன வீடு. வாசல்ல தண்ணித் தொட்டியா? பச்சைக் கதவு? ம்ம். சரிதான். சரிதாண்ணே.

பொம்பளையா எடுத்தாந்து குடுத்தது? ஆம்பளை யாரும் இல்லையா? எப்படி இருந்துச்சு அந்தப் பொண்ணு? அட, சும்மா கேட்டாச் சொல்லுங்களேன், நான் என்ன கருப்பா செவப்பான்னா கேக்குறேன். மெலிஞ்சா, தடிச்சா? கையில வளவி கெடந்துச்சா? கவனிக்கலை. ஆமா, நீங்க அண்டாவத்தான பாப்பீக.

அண்டாவப் பாத்தீகல்ல, அப்ப ஒண்ணு சொல்லுங்க. இது எப்படி மின்னுது? மத்த சாமானப் பாருங்க. இந்தச் செம்பு பச்சை பூத்திருக்கு. இந்தக் குத்துவெளக்குல எண்ணெப் பிசுக்கு அப்பிக் கெடக்கு. பழைய இரும்புக்குப் போடுற சாமானை எவளாவது புளி போட்டு வெளக்கிக் குடுப்பாளா? இதுல என் மொகம் தெரியுதுண்ணே. நான் இந்த வேலைக்கு வந்ததுலருந்து வெளக்குன பித்தாள உள்ள வந்து பாத்ததே இல்ல.

அடியில, அந்தா வயித்துப் பக்கம், புள்ளி புள்ளியா பேரு வெட்டிருக்கும் பாருங்க. வாசிங்க. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், இதை மட்டும் கூட்டாமயே வாசிப்பேன். சுப்புத்தாய்க்கு அண்ணன் பாண்டியராஜன்.

ஆமா. அந்தச் சுப்புத்தாய் நாந்தான்.

பதறாதீக, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க களவாண்டா கொண்டாந்தீக? உக்காருங்க. டீயக் குடிங்க.

என் கல்யாணத்துக்கு எங்கண்ணன் குடுத்த சீரு இது. தேனிக்கு வந்து அதுவே கடை கடையா ஏறி எறங்கி எடுத்துச்சு. பேரு வெட்டுறவன் அண்ணன் பேரை மொதல்ல போடவான்னு கேட்டானாம், என் தங்கச்சி பேருதாண்டா மொதல்லன்னுச்சாம். அப்படிப் பாசம். நான் வேற எங்க குடுப்பேன் சொல்லுங்க எம்மகளை? அனுசுயான்னு பேரு. அண்ணன் மகன் சுரேஷ்கண்ணன் இருக்கான், பொறந்ததுலருந்தே எனக்கு மருமகன். முறை இருக்கையில அசலுக்குக் குடுத்தா ஊரு காறித் துப்பாதா? அதுவும் நான் பொறந்து தவந்த வீடு. எம்மக அங்கன போயி வாழ்ந்தா நானே திரும்பிப்போன மாதிரின்னு நெனச்சேன். இந்த அண்டாவையும் அவ கூடவே ஏத்திவிட்டேன். மதினி கூட கேலி பேசுச்சு, எங்க வீட்டு அண்டா ஊரைச் சுத்திட்டு எங்க வீட்டுக்கே வந்திருச்சுன்னு.

மருமகனுக்குக் குடி கெடையாது, அந்தக் குத்தம் சொல்லமாட்டேன். போனுதான். போனுல சீட்டு வெளையாடுறானாம். மூஞ்சி தெரியாதவன்கூட. ஊருல எல்லாப் பயலும் வெளையாடுறான், விட்டுட்டு எந்திரிக்கிறான். இவன் எந்திரிக்கலை. தோட்டத்து மோட்டாரு போச்சு, கொடி ஏத்துற பந்தக்கம்பி போச்சு. அதெல்லாம் வேற கடைக்குப் போச்சு, எங்காதுக்குத் தாக்கல்தான் வந்துச்சு. அப்புறம் ஒருநா நான் பாட்டுக்கு உக்காந்து பிரிச்சுக்கிட்டு இருக்கேன், எவனோ ஒருத்தன் கொட்டுன சாக்குல எம்மக கொடம். நான் எடுத்துக் குடுத்த கொடம், அவ பேரு போட்டது. கழுத்து நசுங்கி, கருத்துப்போயி.

கையில அதை வச்சுக்கிட்டே போனு போட்டேன். ஏத்தா, நல்லாருக்கியான்னேன். நல்லாருக்கேம்மான்னா. கொடத்துல தண்ணி புடிச்சுக்கிறியான்னேன். ஆமாம்மா, அது பத்திரமா இருக்கு, அதுலதான் புடிக்கிறேன்னா. சரித்தான்னு வச்சிட்டேன். பொய்யின்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுறா, பக்கத்துல ஆளு இருக்கு.

அன்னிக்கு அந்தக் கொடத்தை நாந்தான் நசுக்குனேன்.

வாங்கிக்கிற வேண்டியதுதானன்னு கேக்குறீக. முடியாதுண்ணே. வேலைக்காரக கடையில ஒரு ஆணி கூட வெலைக்கு எடுக்கப்படாது. மின்ன ஒருத்தி எதையோ இடுப்புல சொருகிட்டுப் போயிட்டா, அன்னியிலருந்து சட்டம். போயிக் கேட்டேன். மொதலாளி மோசமில்ல, பாவம் அவுக மொகமே சுருங்கிப்போச்சு. சுப்புத்தாயி, உனக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் எம்பாட்டியோடது எங்கம்மாவோடதும்பாகன்னாக. அதுவும் நெசந்தான? இங்கன வாரது எல்லாமே எவளோ ஒருத்தியோட சீருதான.

வீரபாண்டித் திருவிழாவுல எங்கண்ணனைப் பாத்தேன். கூட்டத்துல கையப் புடிச்சு ஒதுக்குப்புறமா இழுத்துட்டுப் போயிக் கேட்டேன், அண்ணே, எம்மக கொடம் பழைய இரும்புக்கு வந்துச்சேன்னு. கையத் தட்டிவிட்டுருச்சு. உன் மகளா அவ, என் மருமக, எங்களுக்குப் பாத்துக்கத் தெரியும், நீ இரும்பைப் பாருன்னுச்சு. மாரியாத்தா சன்னதியில நின்னு சொல்லுச்சுண்ணே. மதினி பக்கத்துலயே நிக்குது, அந்தப் பக்கம் திரும்பிக்கிருச்சு.

அப்புறம் ஒரே ஒருவாட்டி போனேன் அங்கன. வாசல்ல நாற்காலியப் போட்டாக. உள்ள வான்னு சொல்லலை, நான் பொறந்த வீட்டுல. அனுசுயா தண்ணி கொண்டாந்தா. கத்திரி வெயிலு, முழுக்கைச் சட்டை போட்டிருக்கா. பேத்தி ஓவியா அவ முந்தானையப் புடிச்சுக்கிட்டு நிக்குறா, என்கிட்ட வரமாட்டேங்குறா. நான் திரும்பி வந்தப்புறம் ரொம்ப நாளைக்குப் போனே இல்ல. ஒருநா எங்கன இருந்தோ கூப்புட்டா. அம்மா, நீ வந்துட்டுப் போனா எனக்குத்தாம்மா விழுகுது, இனிமே வராதன்னா. அம்புட்டுத்தான். வச்சிட்டா.

போலீசுக்குப் போலாம். டேசன்ல வச்சுக் கேட்டா நல்லாத்தான் இருக்கேம்பா. அப்ப நான் யாரு, குடும்பத்தைக் கலைக்க வந்தவ. பெரிய மனுசங்களக் கூட்டிட்டுப் போன்னு சொல்லுவீக. பொம்பளைக்கு ஒரு கொறைன்னா மொதல்ல யாருகிட்டச் சொல்லுவா? கூடப் பொறந்தவன்கிட்ட. புள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு வந்து நிக்கணும்? தாய்மாமன். அந்த அண்ணனும் அதுதான், அந்தத் தாய்மாமனும் அதுதான். நான் போயி முறையிட வேண்டிய வாசல்லதாண்ணே எம்மகளைக் குடுத்திருக்கேன். வேற வாசல் இல்லாம நானே அடைச்சிட்டேன்.

என்ன சொன்னீக? இருங்க. திரும்பச் சொல்லுங்க.

எந்தக் கடைக்குப் போடுவீகன்னு கேட்டாளா?

நீங்க சொன்னீகளா? பெரியகுளம் ரோடுன்னு சொன்னீகளா? மொதலாளி பேரையும் சொன்னீகளா? சொல்லிட்டு? உள்ள போயி இதை எடுத்தாந்தாளா. அதுக்கு முந்தி ஒண்ணும் இல்லைன்னுதான் சொன்னாளா? வெலை பேசலையா. குடுத்ததை வாங்கிக்கிட்டா. ஆட்டோவுல ஏத்துறதுக்கு அவளே ஒரு கை புடிச்சா. புள்ள இருந்துச்சா இடுப்புல? இருந்துச்சு. ம். இருந்துச்சு.

அப்ப அது பொய்யில்லை.

ஒண்ணுமில்லண்ணே. நீங்க அங்கன போறதுக்கு மொத நா போனு பேசுனா. எனக்கு இதையெல்லாம் கேக்கப் பயம், கேட்டா பொய்யிதான் சொல்லுவா. அவளாத்தான் சொன்னா, அம்மா, நீ குடுத்த அண்டாவப் புளி போட்டு வெளக்குனேம்மா, பளபளன்னு இருக்கு, நீ பாத்தா சந்தோசப்படுவன்னு. அண்டாவும் போச்சுடி ஆத்தான்னு மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டு சரித்தான்னேன். நெசத்தைச் சொல்லிருக்கா. எனக்குத்தான் வெளக்கிருக்கா. நீ பாத்தான்னாளே. பாத்துட்டேனே.

எங்க சனத்துல ஒரு வழக்கம் இருக்கு, உங்களுக்கும் தெரியும். கல்யாணத்தை அத்துவிடுறதுன்னா மொதல்ல சீருச் சாமானைத் திருப்பி அனுப்புவாக. சாமான் முந்தி வரும், பின்னாடிதான் பொண்ணு வரும். இல்ல, வராமலும் போயிருக்கு. எங்க ஊருல ஒருத்தி பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்தி வச்சிட்டு... வேணாம். அதைச் சொல்லமாட்டேன். பகல் நேரத்துல வாய்விட்டுச் சொன்னாப் பலிச்சிரும்.

அதான் உங்கள உக்கார வச்சேன். தரம் பிரிக்க இம்புட்டு நேரம் ஆகாதுண்ணே, உங்க மூட்டை எப்பவோ முடிஞ்சிருச்சு. அந்தப் போனு பேசுனாள்ல, அதுக்கப்புறம் ஸ்விட்ச் ஆஃப்புன்னே வருது. போனையும் வித்துட்டானோ என்னமோ. அப்படித்தான் இருக்கும். வேற என்ன இருக்கும்?

நீங்க இன்னிக்கு அந்த லைனுக்குத்தான போறீக? அந்தப் பச்சைக் கதவுக்கிட்ட மட்டும் வண்டிய மெதுவா விடுங்க. நிக்கக்கூட வேணாம், எங்கண்ணன் வாசல்லயேதான் உக்காந்திருக்கும். உங்க ஆட்டோவுல மைக்கு ஒண்ணு கத்திக்கிட்டே வருதே, அது யாரு கொரலு? மதுரையில ரெடிமேடா வாங்குனதா? ரொம்ப மூக்கடைச்ச கொரலு. அதை அணைச்சிருங்க. உங்க போனை எடுங்க. கொரலு பதியுமுல்ல அதுல? நான் சொல்லுறேன், அதைப் போடுங்க. அவ பேரு சொல்லமாட்டேன், என் பேரு சொல்லமாட்டேன். எங்கண்ணனுக்குக் கொரலு தெரிஞ்சாத்தான் என்ன, இரும்பைப் பாருன்னு அதுதான சொல்லுச்சு. இரும்புக்காரி இரும்புக்குத்தான சத்தம் போடுறா.

அவ வெளிய வந்து எட்டிப்பாத்தாப் போதும். கண்ணுல பாத்துட்டீகன்னா எனக்கு ஒரு போனு. வரலைன்னாலும் ஒரு போனு.

அமுக்கிட்டீகளா? செவப்பு எரியுதா? இருங்க, தொண்டைய... ம்.

பழைய இரும்பே... ஈயம் பித்தாளையே... ஒடஞ்ச பாத்திரம், ஓட்டைப் பாத்திரம்... நசுங்குனது எதுன்னாலும் எடுக்குறோம்... வாசலுக்கே வந்து எடுக்குறோம்... எடுத்துட்டு வா ஆத்தா... எடுத்துட்டு வா...

போதும் போதும், அணைங்க. பதிஞ்சிருச்சா? போட்டுக் காட்ட வேணாம், என்னால கேக்க முடியாது.

அந்தா, கேட்டுல ஆரன் அடிக்கிறான் பாருங்க. பித்தாள லாரி. என்னிக்குமில்லாம இன்னிக்கு வெள்ளனமே வந்துட்டான். கெளம்புங்கண்ணே, வெயிலுக்கு முந்தி போயிச் சேருங்க. போறப்ப அந்தச் சுத்தியலை மட்டும் இப்படி நகத்திட்டுப் போங்க.